கூட்டல் வேறு, கூடல் வேறு

தேர்தலில் தோல்வியுற்ற கட்சிகளுக்கு எளிதில் கைகொடுக்கும் காரணம் ஒன்று உண்டு. வாக்குகள் பிரிந்துவிட்டன என்பதே அது. மக்கள் தங்களை ஏற்கவில்லை என்று ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், தங்களை ஏற்ற மக்கள் இரு பெட்டிகளில் வாக்குகளைப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வது மனத்திற்கு ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதலிலிருந்தே கட்சி இணைப்பு என்னும் மருந்து பிறக்கிறது. இரண்டு சிறிய கட்சிகளைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்சி உருவாகும்; இரண்டு தோல்விகளைச் சேர்த்தால் ஒரு வெற்றி கிடைக்கும் என்னும் கணக்கு அது.

இக்கணக்கை முழுமையாக நம்பிச் செயற்பட்ட நிகழ்ச்சி ஒன்று சிங்கப்பூர் வரலாற்றில் உண்டு. 1956ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முற்போக்குக் கட்சியும் சனநாயகக் கட்சியும் தத்தம் பெயரைக் களைந்து, லிபரல் சோஷலிஸ்ட் கட்சி என்னும் புதிய பெயரில் ஒன்றாயின. இரண்டும் பழைமை பேணும் கட்சிகள். வசதி படைத்தோரின் கட்சிகள். மூன்றாண்டுகள் கழித்து, 1959ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில் இப்புதிய கட்சி 32 இடங்களில் போட்டியிட்டது. வென்ற இடம் ஒன்றுமில்லை.

இந்த வீழ்ச்சிக்கு ஒரு விளக்கம் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. இணைப்பு சரியான முடிவுதான். காலந்தாழ்ந்து நடந்ததே குறை. 1955ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பே இரு கட்சிகளும் கைகோத்திருந்தால் சிங்கப்பூரின் வரலாறே வேறாகியிருக்கும் என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு இனிமையான இவ்விளக்கம் உண்மைக்குப் புறம்பானது. அதனைக் கேள்வியின்றி ஏற்கும் மாணவன் ஒரு தேர்தலை மட்டுமன்றி, மக்களாட்சி என்பதையே தவறாகப் புரிந்துகொள்வான்.

வேர் இல்லாத மரம்

முற்போக்குக் கட்சி 1947ஆம் ஆண்டு தோன்றியது. சி. சி. டான், ஜான் லேகாக், என். ஏ. மல்லால் ஆகிய மூவரும் அதனை நிறுவியவர்கள், மூவரும் வழக்கறிஞர்கள். ஆங்கிலம் கற்ற தொழில் வல்லுநர்களும் வணிகரும் அதன் ஆதரவாளராய் விளங்கினர். பிரிட்டிஷ் அரசோடு மோதாமல், படிப்படியாகத் தன்னாட்சியை நோக்கிச் செல்வதே அதன் கொள்கை.

1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் சட்ட ஆலோசனை மன்றத்திற்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. வாக்காளர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 6. அவற்றுள் 3 முற்போக்குக் கட்சிக்குக் கிடைத்தன. 1951ஆம் ஆண்டு அவ்விடங்கள் 9 ஆக உயர்ந்தபோது 6 இடங்களை அது கைப்பற்றியது. இப்புள்ளிகளை மட்டும் காண்போர், மக்கள் செல்வாக்கு மிக்க கட்சி இதுவென்று எண்ணுவர். ஆயின் அந்த மக்கள் யாவர் என்று கேட்டாரில்லை.

1948இல் தம்மை வாக்காளராகப் பதிவு செய்துகொண்டோர் ஏறத்தாழ 22,000 பேர். 1951இல் அத்தொகை ஏறத்தாழ 48,000. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த தீவில் இது சிறு கைப்பிடி. பிரிட்டிஷ் குடிகளுக்கு மட்டுமே வாக்குரிமை. அவர்களும் தாமே சென்று பதிய வேண்டும். சீனாவில் பிறந்து சிங்கப்பூரில் உழைத்து வாழ்ந்த பெருந்திரளான மக்கள் இதற்கு வெளியே நின்றனர். இந்தியாவில் பிறந்தோர் பிரிட்டிஷ் குடிகளாகக் கருதப்பட்டமையால், 1948இல் பதிவு செய்துகொண்டோரில் இந்தியரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்கள் வகித்த பங்கைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. ஆகவே முற்போக்குக் கட்சியின் தொடக்க கால வெற்றிகளை மதிப்பிடும்போது, அவற்றுள் தமிழரின் வாக்குகளும் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வாக்குகளைப் பெற்ற கட்சி, துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நகரத் துப்புரவுப் பணியிலும் உழன்ற தமிழ்த் தொழிலாளியிடம் வேர்விட முயன்றதா? இல்லை. அவர்களிடையே வேர்விட்டவை தொழிற்சங்கங்களே. கடற்படைத் தளத்தில் எஸ். உட்ஹலும் துறைமுகத்தில் ஜமித் சிங்கும் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய காலத்தில், முற்போக்காளர் மன்றத்திற்குள் ஆங்கிலத்தில் உரையாற்றிக்கொண்டிருந்தனர்.

சிறிய தொட்டியில் வளர்ந்த செடியைப் பெரிய மரம் என்று நம்பியதே அக்கட்சியின் முதற்பிழை.

கதவு திறந்தபோது

1953ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ரெண்டல் ஆணையம் அந்தத் தொட்டியை உடைத்தது. சர் ஜார்ஜ் ரெண்டல் தலைமையிலான அக்குழு, 32 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தையும், அவருள் 25 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதையும் பரிந்துரைத்தது. தகுதியுடையோர் பெயர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர வழி பிறந்தது. பட்டியல் ஏறத்தாழ 300,000 ஆகப் பெருகியது. முற்போக்குக் கட்சித் தலைவர் சி. சி. டானும் அக்குழுவில் ஓர் உறுப்பினர் என்பது எண்ணத்தக்கது. தாம் கையெழுத்திட்ட அமைப்பே தம்மை வீழ்த்தும் என்று அவர் அறிந்தாரில்லை.

புதிதாகப் பட்டியலில் நுழைந்தோரில் பெரும்பாலோர் சீனமொழி பேசுவோர். இதனை உணர்ந்த சீன வணிகர் சங்க வட்டாரத்தினர், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், 1955ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சனநாயகக் கட்சியைத் தோற்றுவித்தனர். டான் எங் ஜூ அதன் முன்னணியில் நின்றார். சீனமொழிக்கு அரசு ஏற்பு, சீனக் கல்விக்கு ஆதரவு, சீனாவில் பிறந்தோர்க்குக் குடியுரிமை ஆகியன அதன் முழக்கங்கள். முழக்கம் மக்களுடையதாயினும் கட்சி செல்வருடையதாக இருந்தது. இலட்சாதிபதிகளின் கட்சி என்று அதனை மக்கள் அழைத்தனர்.

முற்போக்குக் கட்சியால் தங்கள் தேவை நிறைவேறாது என்று கருதியோரே சனநாயகக் கட்சியைத் தொடங்கினர். ஒரு கட்சியின்மீது கொண்ட மனக்குறையால் பிறந்த மற்றொரு கட்சியின் வாக்குகளை, முதற்கட்சியின் வாக்குகளோடு சேர்த்து எண்ணுவது எவ்வகை அறிவு? உப்பு விற்பவனும் கர்ப்பூரம் விற்பவனும் ஒரே சந்தையில் கடை விரித்தால், இருவர்க்கும் வாடிக்கையாளர் ஒருவரே என்று முடிவு செய்துவிட இயலுமா?

45 என்னும் மாயை

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் தேர்தல் நடந்தது. முற்போக்குக் கட்சி 22 இடங்களிலும் சனநாயகக் கட்சி 20 இடங்களிலும் நின்றன. பல தொகுதிகளில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தன. முடிவு வந்தபோது முற்போக்குக் கட்சிக்கு 4, சனநாயகக் கட்சிக்கு 2. டேவிட் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி 10 இடங்களைப் பெற்றது. கூட்டணிக்கு 3, மக்கள் செயல் கட்சிக்கு 3, சுயேச்சைகளுக்கு 3. கெய்ர்ன்ஹில் தொகுதியில் சி. சி. டானை மார்ஷலே தோற்கடித்தார்.

வாக்குகளின் விழுக்காடு வேறொரு கதை சொல்வதுபோல் தோன்றியது. தொழிலாளர் முன்னணிக்கு ஏறத்தாழ 27. முற்போக்குக் கட்சிக்கு ஏறத்தாழ 25. சனநாயகக் கட்சிக்கு ஏறத்தாழ 20. இருபத்தைந்தையும் இருபதையும் கூட்டினால் நாற்பத்தைந்து. வென்றவர் பெற்றதோ இருபத்தேழு. கணக்கறிந்த வணிகரும் வழக்கறிஞரும் இந்த நாற்பத்தைந்தைக் கண்டு மயங்கியதில் வியப்பில்லை. இணைப்பு என்னும் எண்ணத்திற்கு வித்து இதுவே.

ஆயின் இக்கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, தொழிலாளர் முன்னணி நின்றது 17 இடங்களில். மக்கள் செயல் கட்சி நின்றது நான்கே இடங்களில். 22 இடங்களிலும் 20 இடங்களிலும் நின்று திரட்டிய வாக்குகளை, 17 இடங்களில் திரட்டியதோடும் நான்கே இடங்களில் திரட்டியதோடும் ஒப்பிட்டுப் பெருமை கொள்வது அளவுகோலை மாற்றி அளப்பதாகும். இரண்டாவது, அத்தேர்தலில் வாக்களித்தோர் பட்டியலில் உள்ளோரில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே. எஞ்சியோர் வாக்களிக்க வரவில்லை. வந்தவரை மட்டும் எண்ணி வராதவரை மறந்த கணக்கு, அவர்கள் வரும் நாளில் சரிந்தே தீரும். 1959இல் வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்டது; அவர்கள் வந்தார்கள்.

பெயரும் பொருளும்

இனி இணைப்பைக் காண்போம். தமிழாசிரியர் வகுப்பில் புணர்ச்சி கற்பிக்கும்போது, நிலைமொழியும் வருமொழியும் சேர்கையில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் நிகழும் என்பர். இரு கட்சிகள் புணர்ந்தபோது தோன்றியது யாது? புதிய கொள்கை தோன்றவில்லை. புதிய தொண்டர் படை தோன்றவில்லை. திரிந்தது பெயர். கெட்டது, ஒவ்வொன்றுக்கும் முன்பிருந்த சிறு அடையாளம்.

அப்பெயரை ஆராய்தல் பயனுடையது. பழைமை பேணிய கட்சியொன்று முற்போக்கு என்று பெயரிட்டுக்கொண்டது முதல் முரண். செல்வரின் கட்சிகள் இரண்டு கூடிச் சோஷலிஸ்ட் என்று பெயர் சூடிக்கொண்டது அதனினும் பெரிய முரண். ஏன் இப்பெயர்? 1955ஆம் ஆண்டின் காற்று இடப்பக்கமிருந்து வீசியது. மார்ஷல் எம்பிரஸ் பிளேஸில் மரத்தடியில் நின்று, நண்பகல் இடைவேளையில் திரண்ட மக்களிடம் குடியேற்ற ஆட்சியைச் சாடிப் பேசினார். 22 வயது இளைஞர் லிம் சின் சியோங், மக்கள் செயல் கட்சியின் சார்பில் புக்கிட் தீமாவில் வென்றார். அவருடைய ஹொக்கியன் பேச்சைக் கேட்கத் தொழிலாளர் திரண்டனர். தேர்தல் முடிந்து ஒன்றரைத் திங்களுக்குள் ஹொக் லீ பேருந்து நிறுவனத்தில் வேலைநிறுத்தமும் கலவரமும் மூண்டன. சோஷலிசம் என்னும் சொல்லுக்கு அன்று மதிப்பிருந்தது. ஆகவே அச்சொல்லை எடுத்து வாயிலில் தொங்கவிட்டார்கள்.

இலக்கணத்தில் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பாகுபாடு உண்டு. கட்சியின் பெயர் காரணப்பெயராய் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டவுடன் அதன் செயல் நினைவிற்கு வரவேண்டும். லிபரல் சோஷலிஸ்ட் என்பதோ காரணமற்ற இடுகுறியாய் நின்றது. சோஷலிசத்தை விரும்பிய தொழிலாளி அதனை நம்பவில்லை. அதனை அஞ்சிய வணிகருக்கும் அச்சொல் இனிக்கவில்லை. புலித்தோல் போர்த்த பசுவைப் புலிகளும் சேர்த்துக்கொள்ளா, பசுக்களும் அணுகா.

மொழியும் பள்ளியும்

இணைப்பு நிகழ்ந்த அதே 1956 பிப்ரவரியில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. சீனப் பள்ளிகளின் சிக்கலை ஆராய அமைக்கப்பட்ட அனைத்துக் கட்சிக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவ்வழியில் அமைந்தது. தமிழ்ப்பள்ளிகள் பிற பள்ளிகளுக்கு நிகராக மதிக்கப்படும் என்னும் வாக்குறுதி அரசின் ஏட்டில் இடம்பெற்ற காலம் அது.

ஒரே திங்களில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒருபுறம் நாட்டின் உயிர்நாடியான சிக்கலுக்கு வழி தேடும் முயற்சி. மறுபுறம் இரண்டு கட்சி அலுவலகங்களை ஒன்றாக்கும் முயற்சி. மக்கள் எதனை நோக்கியிருப்பர் என்பதற்கு விளக்கம் வேண்டா. ஆங்கிலம் ஒன்றே மன்றத்தின் மொழியாயிருந்த நாள்களில் உயர்ந்த கட்சி ஒன்று. சீனமொழிக்கு உரிமை கேட்டு எழுந்த கட்சி மற்றொன்று. இவ்விரண்டும் கூடும்போது முதலில் விடை காணப்பட வேண்டிய வினா, மக்களிடம் எம்மொழியில் பேசுவது என்பதே. ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர் தெருவோரத்தில் நின்று ஹொக்கியனிலோ தமிழிலோ மலாயிலோ பேசக் கற்றிருந்தால், அந்த இணைப்பு உயிருள்ள இணைப்பாகியிருக்கும். அஃது அவ்வாறாகவில்லை.

ஈண்டுத் தமிழர் வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமை பொருந்தும். அதே ஐம்பதுகளில் தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். 1952 முதல் தமிழர் திருநாளின் வழியாகச் சிதறிக் கிடந்தோரை ஒருங்கு கூட்டினார். அஃது எண்ணிக்கையைக் காகிதத்தில் கூட்டும் பணியன்று. மக்களைக் கூடச் செய்யும் பணி. கூட்டல் வேறு, கூடல் வேறு. முன்னதைத் தலைவர்கள் ஒரே மாலையில் முடித்துவிடலாம். பின்னதற்கு ஆண்டுக்கணக்கில் வீடுவீடாகப் படியேற வேண்டும்.

விடை சொன்ன தேர்தல்கள்

இணைந்த கட்சிக்குத் தன்னை நிலைநாட்டிக்கொள்ளக் காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டு இடைத்தேர்தல்கள் வந்தன. கெய்ர்ன்ஹில் தொகுதியில் லிபரல் சோஷலிஸ்ட் கட்சி வென்றது. மார்ஷல் விட்டுச்சென்ற, வசதியுடையோர் மிகுந்த தொகுதி அது. அதே நாளில் தஞ்சோங் பகாரில் லீ குவான் இயூ அக்கட்சி வேட்பாளரை எளிதாக வென்றார். துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த தொகுதி அது. எங்கே வேர் உண்டு, எங்கே இல்லை என்பதை இவ்விரண்டு முடிவுகளும் சுவர்மேல் எழுதிக் காட்டின. படித்தவர் படிக்கவில்லை.

1957 டிசம்பரில் நகர மன்றத் தேர்தல். மொத்த இடங்கள் 32. மக்கள் செயல் கட்சி 14 இடங்களில் மட்டும் நின்று 13இல் வென்றது. லிபரல் சோஷலிஸ்ட் கட்சி அதனினும் மிகுதியான வேட்பாளரை நிறுத்தி 7 இடங்களையே பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், நெடுங்காலம் வாழ்ந்த வெளிநாட்டுப் பிறப்பினர்க்குக் கதவைத் திறந்தது. ஏறத்தாழ 220,000 சீனாவிற் பிறந்தோர் குடிமக்களாகும் வாய்ப்பைப் பெற்றனர். சனநாயகக் கட்சி 1955இல் முழங்கிய கோரிக்கை நிறைவேறியது. அதன் பயனோ அதன் வழிவந்த கட்சிக்குக் கிட்டவில்லை. கோரிக்கையை எழுப்பினால் மட்டும் போதாது. அதற்காக மக்களோடு நிற்றலும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பின்னர் 1959. சட்டமன்றத்தின் 51 இடங்களும் தேர்தலுக்கு வந்தன. பட்டியலில் 580,000க்கு மேற்பட்டோர். மக்கள் செயல் கட்சிக்கு 43, லிம் இயூ ஹாக்கின் சிங்கப்பூர் மக்கள் கூட்டணிக்கு 4, அம்னோவுக்கு 3, சுயேச்சை 1. 1955இல் முற்போக்குக் கட்சியும் சனநாயகக் கட்சியும் தனித்தனியே பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 70,000. 1959இல் இணைந்து பெற்றது ஏறத்தாழ 43,000. வாக்களித்தோர் தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகிய நிலையில், இவர்களின் வாக்கு பெருகாதது மட்டுமன்று, சுருங்கியும் போயிற்று. நாற்பத்தைந்து விழுக்காடு ஏறத்தாழ எட்டு விழுக்காடாயிற்று. போட்டியிட்ட இடங்கள் முன்னைவிடக் குறைவு என்று சமாதானம் கூறலாம். 51 இடங்களுக்கு 32 வேட்பாளரையே நிறுத்த முடிந்த நிலைதானே அந்த இணைப்பின் வலிமைக்கு அளவுகோல்?

அப்பொழுதும் பழைய பல்லவியே ஒலித்தது. மக்கள் கூட்டணியும் லிபரல் சோஷலிஸ்டுகளும் வாக்கைப் பிரித்தனர் என்றனர். மக்கள் செயல் கட்சி பெற்றது ஏறத்தாழ 54 விழுக்காடு. எஞ்சிய அனைவரும், சுயேச்சைகள் உட்பட, ஒரே குடையின்கீழ் வந்திருந்தாலும் 46க்கு மேல் இல்லை. சில தொகுதிகளில் முடிவு மாறியிருக்கக்கூடும்; ஆட்சி மாறியிருக்காது. மேலும் அந்த மக்கள் கூட்டணியே 1958ஆம் ஆண்டு தொழிலாளர் முன்னணியினரையும் பிறரையும் சேர்த்து அமைக்கப்பட்ட இன்னோர் இணைப்பு. ஆட்சியிலிருந்தோர் செய்த இணைப்பு 4 இடங்களோடு நின்றது; எதிர்க்கட்சியினர் செய்த இணைப்பு வெறுங்கையோடு நின்றது. ஒரே மருந்து இருவர்க்கும் பயன்தரவில்லையெனின் நோய் வேறு என்பது தெளிவு.

மறுப்பும் விடையும்

அப்படியாயின் கட்சிகள் ஒன்றுசேர்வதே பிழையா என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே காலத்தில் மலாயாவில் பழைமை பேணும் கட்சிகளின் கூட்டொன்று மாபெரும் வெற்றி பெற்றதன்றோ? 1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து, 12 இடங்களில் 9ஐப் பிடித்தன. மலாயா இந்தியர் காங்கிரஸ் 1954இல் சேர்ந்தது. 1955 ஜூலைப் பொதுத்தேர்தலில் அக்கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது.

இச்சான்று இணைப்புக்கு ஆதரவாகத் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் எதிராகவே நிற்கிறது. அங்கே கட்சிகள் கரைந்துபோகவில்லை, கூட்டணி அமைத்தன. ஒவ்வொன்றும் தன் பெயரையும் கிளைகளையும் தொண்டரையும் வைத்துக்கொண்டது. அம்னோ 1946இல் மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்துக் கம்பம்தோறும் எழுந்த கொந்தளிப்பில் பிறந்தது. சீனர் சங்கம் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டோரிடையே பணியாற்றியது. இன அடிப்படையில் அமைந்த அக்கூட்டணியைக் குறை கூறுவோர் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும் அதற்கு வேர் இருந்தது. அதே நகராண்மைத் தேர்தலில், டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சி, எல்லா இனத்துப் பெரிய மனிதர்களையும் மேடையில் அமர்த்திக்கொண்டு 2 இடங்களையே பெற்றது. உயர்ந்த நோக்கம் இருந்தது. ஊன்றிய கால் இல்லை. சிங்கப்பூரின் லிபரல் சோஷலிஸ்டுகளுக்கு அருகே வைத்து எண்ண வேண்டியது இக்கட்சியையே.

இன்னொரு மறுப்பும் எழலாம். முற்போக்குக் கட்சியினர் நாட்டிற்கு நன்மை ஒன்றும் செய்யவில்லையா? செய்தனர். மத்திய சேமநிதிக்கான மசோதாவை 1951இல் சட்ட ஆலோசனை மன்றத்தில் கொணர்ந்தவர்கள் அவர்களே. 1953இல் அது சட்டமாகி, 1955 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இன்றும் சிங்கப்பூர்த் தொழிலாளி ஒவ்வொருவரின் முதுமைக்கும் வீட்டிற்கும் துணைநிற்கும் திட்டம் அது. இவ்வுண்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் இந்த நற்செயலே அவர்கள்மீதான குற்றத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. தொழிலாளிக்கு வாழ்நாள் முழுதும் பயன்படும் ஒன்றைச் செய்துவிட்டு, அத்தொழிலாளியின் வாயிலில் நின்று அதனைச் சொல்லத் தெரியாத கட்சியாக அஃது இருந்தது. அவர்களுடைய தேர்தல் முகவராக 1951இல் ஜான் லேகாக்குக்குப் பணியாற்றியவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. அவர் அங்கே கண்டு கற்றுக்கொண்டதை முற்போக்காளர் தாம் கற்கவில்லை. அவர் தொழிற்சங்கங்களை நாடிச் சென்றார். இவர்கள் மற்றொரு கட்சியை நாடிச் சென்றனர்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

வரலாற்றுப் பாடநூல்கள் வென்றவரைப் பற்றி விரிவாகப் பேசும். தோற்றவரை ஓரிரு வரியில் கடந்துவிடும். லிபரல் சோஷலிஸ்ட் கட்சிக்கும் பெரும்பாலும் அந்த ஓரிரு வரியே கிடைத்துள்ளது. பாகுபாட்டால் தோற்றது, காலந்தாழ்ந்து இணைந்தது என்பதோடு முடிகிறது. இவ்வரியை ஆசிரியர் அப்படியே கரும்பலகையில் எழுதினால், கட்சி என்பது தலைவர்களின் கூட்டு, மக்கள் என்போர் இடம் மாற்றி வைக்கத்தக்க எண்கள் என்னும் எண்ணமே மாணவன் மனத்தில் பதியும். அவன் நாளை ஒரு சங்கத்தின் செயலாளனாகவோ ஒரு தொழிற்சங்கத்தின் தலைவனாகவோ வரும்போதும், கூட்டம் குறைந்த இரண்டு சங்கங்களை ஒன்றாக்கினால் கூட்டம் பெருகும் என்றே நம்புவான். மூடிய அறைக்குள் உடன்படிக்கை எழுதுவான், புதுப்பெயர் சூட்டுவான், பலகை மாற்றுவான். ஆண்டுக் கூட்டத்தில் நாற்காலிகள் மட்டும் முன்னைவிட மிகுதியாக இருக்கும்.

ஆகவே ஆசிரியர் அவ்வரியை மாற்றி எழுதுதல் வேண்டும். 1955இல் இரு கட்சிகளும் தோற்றதற்குக் காரணம் அவை இரண்டாய் இருந்தமையன்று. இரண்டும் மக்களிடமிருந்து விலகி இருந்தமையே. 1956இல் அவை ஒன்றாயின. விலகல் அப்படியே இருந்தது. விலகி நின்ற இருவர் கைகோத்துக்கொண்டதால் எதிர்க்கரை அருகே வந்துவிடாது. ஆற்றில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

வாக்காளர் பட்டியல் 22,000இலிருந்து 580,000 ஆக வளர்ந்த அந்தப் பதினோர் ஆண்டுகளில், ஒவ்வொரு முறை பட்டியல் நீண்டபோதும் புதிதாக வந்தவர் யார், அவர் வீட்டில் பேசும் மொழி எது, அவர் பிள்ளை படிக்கும் பள்ளி எது, அவர் பெறும் கூலி எவ்வளவு என்று கேட்ட கட்சி வென்றது. அவர் யாருடைய வாக்கைப் பிரிப்பார் என்று மட்டும் கேட்ட கட்சி மறைந்தது.